முதலில் வந்த வண்டி

அத்தியாயம் 5

“தப்பிச்சு ஓடுறவன் காரைப் பூட்டிட்டா ஓடுவான்?” என்று கேட்டார் அண்ணி.

போலீஸ் பிடித்த வண்டிகளை நிறுத்தி வைக்கும் மைதானம் அது. காலை வெயிலில் வரிசை வரிசையாகக் கார்கள் நின்றன. உறுமல் ஊருக்கே கேட்க வேண்டுமென்று புகைக்குழாய் மாற்றியவை, தரையை முத்தமிடுகிற அளவுக்குத் தாழ்த்தியவை, பக்கவாட்டில் நெருப்புப் படம் ஒட்டியவை. அவற்றின் நடுவே, கூட்டம் மாறி வந்து உட்கார்ந்துவிட்ட ஆள் மாதிரி ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. டிரைவிங் ஸ்கூல் கார்.

“பூட்டாம போனா யாராவது திருடிட்டா என்ன பண்றது அண்ணி? சுத்தி அத்தனை போலீஸ் வேற. யாரை நம்ப முடியும்?” என்றான் ரேடியோ.

ரேடியோ அண்ணியின் கணவருக்குத் தம்பி. நாற்பது வயதைத் தொட்டும் எந்த வேலையிலும் ஒட்டாதவன். வாய் மட்டும் ஓயாது. அதனால்தான் அந்தப் பெயர். அண்ணி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைச் சோதித்து, எது நிஜமாக மோதியது, எது வேண்டுமென்றே சுவரில் இடித்தது என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தபோது இவனும் வந்து ஒட்டிக்கொண்டான். இவன் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது போலீஸ்காரர், வழக்கோடு வருகிறவர், ஆபீசுக்குக் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் எல்லாருக்குமே அவர் அண்ணிதான்.

வண்டியின் சொந்தக்காரர் சற்றுத் தள்ளி, கைக்குட்டையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். வயது அறுபதுக்குப் பக்கம்.

“தூசிங்களா?” என்றான் ரேடியோ.

“மானம்” என்றார் மாஸ்டர். “ஊர்ல பாதிப் பேருக்கு மெதுவாப் போ, மெதுவாப் போன்னு சொல்லிக் குடுத்தவன் நான். என் வண்டி ரேஸ்ல மாட்டியிருக்கு. தெருவுல தலை காட்ட முடியல. பேப்பர் போடறவன் கூட ‘மாஸ்டர், கப் எங்கே’ன்னு கேக்கிறான்.”

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அகலமான காலிச் சாலையில் சில பேர் கார்ப் பந்தயம் விட்டிருக்கிறார்கள். சாலையின் கடைசியில் போலீஸ் தடுப்புப் போட்டுக் காத்திருந்தது. விசில் சத்தம் கேட்டதும் ஓட்டி வந்தவர்கள் அத்தனை பேரும் வண்டியைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு புதருக்குள் பாய்ந்துவிட்டார்கள். சிக்கியவை நான்கு கார்கள். அதில் ஒன்று மாஸ்டருடையது.

புதிதாக வந்திருக்கும் பந்தயத் தடைச் சட்டம் இரக்கமில்லாத சட்டம். ஓட்டியவர் சொந்தக்காரரின் வீட்டு ஆள் என்றால் வண்டியை நசுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். ஓட்டியவரின் லைசென்ஸ் போய்விடும். வண்டியை வெளியாள் திருடிக்கொண்டு போனான் என்று நிரூபித்தால் மட்டும் திரும்பக் கிடைக்கும்.

“வெளியாள்தான் அண்ணி. எவனோ திருட்டுப் பய. அவனை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க” என்று கெஞ்சினார் மாஸ்டர்.

காவலுக்கு இருந்த ஏட்டு பக்கத்தில் நிற்க, மாஸ்டர் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தார்.

“இதுக்கு முன்னாடி யாராவது உள்ள ஏறினாங்களா?” என்று கேட்டார் அண்ணி.

“எப்படிங்க ஏற முடியும்? சாவியே இல்லியே. கிரேன்ல தூக்கி லாரில வெச்சோம், லாரிலேந்து தூக்கி இங்க வெச்சோம்” என்றார் ஏட்டு.

அண்ணி குனிவதற்குள் ரேடியோ ஓட்டுநர் இருக்கையில் குதித்து ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே எஞ்சினைக் கிளப்பினான். ரேடியோ குள்ளம். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் குதிக்க வேண்டிய ஆள்.

“இறங்குடா.”

“ஒரு ரவுண்டு அண்ணி.”

அவனைக் காதைப் பிடித்து இறக்காத குறையாக இறக்கிவிட்டு அண்ணி உள்ளே தலையை நீட்டினார். கை பிரேக் மேலே இழுத்துப் போடப்பட்டிருந்தது. கியர் நியூட்ரலில். இண்டிகேட்டர் குச்சி இடது பக்கம் போட்டபடியே நின்றது.

அண்ணியின் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் வழக்கு முடிந்துவிட்டது என்று ரேடியோவுக்குத் தெரியும்.

“ஏட்டையா, அன்னைக்கு எடுத்த போட்டோ இருக்கா?”

ஏட்டு செல்போனில் காட்டினார். முன்விளக்கு வெளிச்சத்தில் ஆள் முகம் தெரியவில்லை. தடுப்புக்கு முன்னால் சாலையோரமாக, அளவெடுத்தது போல் ஒதுங்கி நிற்கிறது வெள்ளைக் கார். இடது இண்டிகேட்டர் எரிகிறது. அதற்குப் பின்னால் மற்ற மூன்றும் கோணலும் மாணலுமாக.

“இதுதாங்க முதல்ல வந்தது. முதல் பரிசு” என்றார் ஏட்டு. “இன்னொண்ணு. சாலை ஆரம்பத்துல ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு. அதோட கேமராவுல இந்த வண்டி மத்ததுக்கெல்லாம் ரொம்ப நேரம் முன்னாடியே போகுது. போலீஸ் இருக்கான்னு வேவு பார்க்கப் போயிருக்கான்னு எங்க இன்ஸ்பெக்டர் சொல்றாரு. மேல இருந்த ஸ்கூல் பலகையைக்கூடக் கழட்டி வெச்சிட்டுத்தான் போயிருக்கான்.”

“ஆமை வேகத்துல கத்துக் குடுத்த வண்டி முதல்ல வந்திருக்கு. பாடம் நல்லாவே ஏறியிருக்கு மாஸ்டர்” என்றான் ரேடியோ.

மாஸ்டர் கைக்குட்டையைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டார்.

“வண்டிக்கு எத்தனை சாவி?” என்று கேட்டார் அண்ணி.

“ரெண்டு. இது எங்கிட்டதான் இருந்துச்சு. இன்னொண்ணு மாப்பிள்ளைகிட்ட.”

“வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

வீட்டின் முன்னறைதான் வகுப்பறை. பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ரவுண்டானா வரைந்து, எந்த வண்டிக்கு முதலில் வழிவிட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. நெடுநெடுவென்று உயரம், உள்ளறையிலிருந்து இன்னொரு சாக்பீஸ் எடுத்து வரும்போது நிலைப்படிக்குத் தலையைக் குனிந்தே வந்தார். மாஸ்டரின் மகள் மூலையில் மேஜை போட்டு, புதிதாகச் சேர வந்தவருக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் மனைவி தட்டில் டீ டம்ளர்களோடு வந்தார். அண்ணி ஒன்றை எடுத்துக்கொண்டார். கொடுத்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசியிருக்கலாம். மாஸ்டர்கூட ‘உள்ளே போய்ப் பேசலாமா’ என்பது போல் கையைக் காட்டினார். ஆனால் முடிச்சை அவிழ்க்கிற நிமிஷம் அண்ணிக்கு மிகவும் பிடித்த நிமிஷம். நாற்காலி போட்டு உட்கார்ந்த பன்னிரண்டு பேர் தற்செயலாகக் கிடைப்பது தினமும் நடக்கிற காரியமா?

“திருட்டு இல்ல மாஸ்டர்” என்று ஆரம்பித்தார் அண்ணி. குரல் வாசல் தாண்டித் தெருவுக்கே கேட்டது. “பூட்டு உடையல. சாவி போட்டுத்தான் எடுத்திருக்காங்க, சாவி போட்டுத்தான் பூட்டியிருக்காங்க. போலீஸ் துரத்துது, உயிர் போற அவசரம். அந்த நேரத்துலயும் ஓட்டினவர் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டியிருக்கார். நியூட்ரல் பண்ணியிருக்கார். கை பிரேக் போட்டிருக்கார். இறங்கிப் பூட்டியிருக்கார். ரேஸ் விடுற பசங்க இதெல்லாம் செய்ய மாட்டாங்க. பாடம் ரத்தத்துல ஊறின ஒருத்தர்தான் செய்வார். உங்களை விட்டா அப்படிப்பட்ட ஆள் இந்த வீட்ல ஒருத்தர்தான். சாவியும் அவர்கிட்டதான்.”

அத்தனை தலைகளும் கரும்பலகைப் பக்கம் திரும்பின.

பின்வரிசையிலிருந்து யாரோ கைதட்டினார்கள். இரண்டு தட்டு. அப்புறம் அந்தக் கை தானே வெட்கப்பட்டு நின்றுவிட்டது.

மாப்பிள்ளை அண்ணியைப் பார்க்கவில்லை. உள்ளறை வாசல் பக்கம் ஒரு கணம் பார்த்தார். கையிலிருந்த சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைத்தார்.

“ஆமாங்க. நான்தான் வண்டிய எடுத்துட்டுப் போனேன்” என்றார்.

“ஞாயித்துக்கிழமையானா வாக்கிங் போறேன், வாக்கிங் போறேன்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?” என்றாள் மகள். “உங்களைத்தான் கேக்கிறேன். சொல்லுங்க.”

அவர் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார்.

மாஸ்டர் இத்தனை வருஷம் மருமகனை ‘நீங்க’ என்றுதான் அழைத்தவர். “வெளிய போ” என்றார். “போய் ஸ்டேஷன்ல எழுதிக் குடு. என் ஸ்கூல் பேரைச் சந்தி சிரிக்க வெச்சிட்டியே. போ!”

மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு, நிலைப்படிக்குத் தலை குனிந்து வெளியே போனார். வகுப்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். உள்ளறை வாசலில் நின்றிருந்த மாஸ்டரின் மனைவி கையிலிருந்த தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன.

அண்ணி தன் காரில் ஏறி, சாவியைப் போட்டார். ஒரு வழக்கு இவ்வளவு சுருக்காக முடிந்ததில்லை. ஆனாலும் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். மகள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டதை அவர் பார்த்திருந்தார்.

“என்னடா, ரேடியோ நின்னு போச்சு?” என்றார்.

“ஒண்ணுமில்ல அண்ணி. மாப்பிள்ளை எப்படி ரேஸ் விட்டிருப்பார்னு யோசிக்கிறேன். அவர் காலை எங்க வெச்சிருப்பாரு? காதுலயா?”

“என்ன உளர்றே?”

“அந்த சீட்ல நான் உக்காந்தேன்ல? எனக்குன்னே அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி இருந்துச்சு. எந்த வண்டில ஏறினாலும் சீட்டை முன்னாடி இழுக்காம எனக்குக் கால் எட்டாது. இதுல ஏறினேன், எட்டிச்சு. அவ்ளோ உயரமான மனுஷன் அதுல உக்காந்தா முட்டிய மடக்கித் தாடைக்கு முட்டுக் குடுத்துட்டுத்தான் ஓட்டணும்.”

அண்ணி சாவியிலிருந்து கையை எடுத்தார்.

“நீ சீட்டை இழுக்கலியா?”

“தொடக்கூட இல்ல. அதுக்குள்ள நீங்க இறக்கி விட்டுட்டீங்களே.”

யாரும் ஏறவில்லை என்று ஏட்டு சொன்னார். கதவே திறக்கவில்லை. அப்படியானால் அந்த இருக்கையை அந்த அளவுக்கு முன்னால் இழுத்தது ஓட்டி வந்தவர். ஓட்டி வந்தவர் குள்ளம். பாடத்தைப் பிசகாமல் செய்தவர். உயிர் போகிற அவசரத்தில் பாடத்தை வரி தவறாமல் செய்வது பழகிப்போனவர் அல்ல. பழகிப்போனவர் அவசரத்தில் இரண்டு மூன்றைத் தாண்டிவிடுவார். எல்லாவற்றையும் வரிசையாகச் செய்கிறவர் யார்? இப்போதுதான் கற்றுக்கொள்கிறவர். அதனால்தான் ஆளில்லாத சாலை. அதனால்தான் விடியற்காலை.

‘முதல்ல வந்த வண்டி.’ பந்தயம் தொடங்குவதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே அந்தச் சாலையில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்த வண்டி முதலில் வராமல் என்ன செய்யும்? பின்னால் வந்த மூன்றும் அதைத் தாண்டுவதற்குள் சாலை முடிந்துவிட்டது.

அந்த வீட்டில் குள்ளமான ஆள் யார்?

தன் தோளுக்கும் கீழேயிருந்து டீ டம்ளரை நீட்டிய கை அண்ணியின் நினைவுக்கு வந்தது. முகம் வரவில்லை. பார்க்கவே இல்லையே, எங்கிருந்து வரும்? ‘பொம்பளை என்ன துப்பறியப் போறா’ என்று சிரித்த ஒவ்வொரு ஆளையும் அண்ணி ஞாபகம் வைத்திருக்கிறார். அந்த அண்ணி, வீட்டில் யார் யார் வண்டி ஓட்டக்கூடும் என்று எண்ணியபோது, வீட்டுக்காரியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க நேர்ந்து, அதைத் திருப்பி வைத்தார்.

“அண்ணி, நாளைக்கு வந்து சொல்லிக்கலாமா?” என்றான் ரேடியோ மெல்ல. அவன் அண்ணிக்குத் தப்பிக்க வழி காட்டினான்.

“அதுக்குள்ள அந்த மனுஷன் எழுதிக் குடுத்துடுவார்டா.”

இறங்கினார். அந்த வாசலுக்குத் திரும்ப நடந்தார்.

வகுப்பறை காலியாகக் கிடந்தது. மாஸ்டர் பின்னால் கொல்லையில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் இருந்தாள். மாஸ்டரின் மனைவி சமையலறையில் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

“நீங்க திரும்பி வருவீங்கன்னு தெரியும்” என்றார் திரும்பாமலே. “வரக்கூடாதுன்னும் வேண்டிக்கிட்டேன்.”

“அந்த சீட் உங்களோடது.”

மாஸ்டரின் மனைவி குழாயை மூடினார். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை அண்ணி இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். அழுது முடித்த முகம்.

“கல்யாணமான புதுசுல அவர்கிட்ட கத்துக்க ஆசைப்பட்டேன். ஊரான் வீட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் ‘பதறாதம்மா’ன்னு பொறுமையாச் சொல்ற மனுஷன். எனக்கு ஒரு தடவை வண்டி நின்னு போச்சு. நடுரோட்டுல, பின்சீட்டுல பழகற பசங்க மூணு பேர் இருக்காங்க, ‘இறங்குடி கீழே’ன்னாரு. இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தேன். அதோட விட்டாக்கூடப் பரவாயில்ல. இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொரு பேட்சுலயும் அதைச் சிரிப்புக் கதையா சொல்றாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நான் உள்ள நின்னு டீ ஆத்திட்டிருப்பேன்.”

“மாப்பிள்ளை?”

“அவர் ஒருநாள் அந்தக் கதைக்குச் சிரிக்கல. அன்னைக்கே என்கிட்ட வந்து, ‘அத்தை, நான் சொல்லித் தர்றேன், மாமாவுக்குத் தெரிய வேணாம்’னாரு. பழகுநர் உரிமமும் அவரே வாங்கிக் குடுத்தாரு. எனக்கு அவர் முன்னாடி உக்காரவே கூச்சம். ‘மாப்பிள்ளை, கிளச்சை விடட்டுங்களா’ன்னு கேட்டுக் கேட்டு ஓட்டுவேன். மேல பலகை இருந்தா தெரிஞ்சவங்க யாராவது பார்த்துச் சொல்லிடுவாங்கன்னு நான்தான் கழட்டச் சொன்னேன்.”

“அன்னைக்கு என்ன ஆச்சு?”

“பின்னாடியிருந்து காது கிழியற மாதிரி ஹாரன். மூணு வண்டி இப்படியும் அப்படியும் முட்டிக்கிட்டு வருது. எதிர்ல போலீஸ். மாப்பிள்ளை சொல்லச் சொல்ல ஓரம் கட்டினேன். எல்லாரும் ஓடறாங்க, நானும் ஓடிட்டேன். இந்த வயசுல! என்னைத் தனியா விடக் கூடாதுன்னு அவரும் பின்னாடியே ஓடி வந்தாரு. நின்னிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது. அதைத்தான் அவர் வழியெல்லாம் சொன்னாரு. ‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை’ன்னு கையப் பிடிச்சுக் கெஞ்சினேன்.”

கழுவிய டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“ஓடினதைக்கூட மறந்துடுவேன். இப்ப முன்னறையில நீங்க அவரைக் கை காட்டினப்போ நான் அங்கதான் நின்னேன். வாயைத் திறக்கல. என் பொண்ணு முகத்தைப் பார்த்துக்கிட்டே வாயைத் திறக்காம நின்னேன். நானெல்லாம் ஒரு அம்மாவா?”

அண்ணி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றார். “நீங்க பேசாம நின்னீங்க. நான் பேசக்கூடாததைப் பேசிட்டு நின்னேன்” என்றார். “நான் மட்டும் போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க. வருவீங்களா?”

“அவருக்குத் தெரிஞ்சிடும்.”

“தெரிஞ்சிடும்.”

மாஸ்டரின் மனைவி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். கொல்லைக் கதவுக்குப் போய், “ஏங்க, சட்டையப் போடுங்க. ஸ்டேஷனுக்குப் போகணும்” என்றார். பிறகு மகளின் கதவைத் தட்டினார். இருவரையும் முன்னறையில் உட்கார வைத்துச் சொன்னதை அண்ணி வாசலுக்கு வெளியே நின்று கேட்காமல் இருக்கப் பார்த்தார். மகளின் அழுகைச் சத்தம் மட்டும் வெளியே வந்தது. மாஸ்டரின் சத்தம் வரவே இல்லை.

அண்ணியின் காரிலேயே எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் மாப்பிள்ளையின் வாக்குமூலம் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மாஸ்டரின் மனைவி நடந்ததைச் சொன்னார். விட்டுவிட்டுச் சொன்னாலும் ஒன்றையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளை, “அத்தை, நீங்க எதுக்கு…” என்று எழுந்தார்.

“உக்காருங்க மாப்பிள்ளை.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “மருமகனைக் காப்பாத்த மாமியார் வர்றது எனக்குப் புதுசு இல்லம்மா. போன வாரம் ஒருத்தரோட பாட்டி வந்து ரேஸ் விட்டது நான்தான்னாங்க.”

“சார், சீட்டைத் தொடாம ரெண்டு பேரையும் ஏறச் சொல்லுங்க” என்றார் அண்ணி. “காலைல நானே செஞ்சிருக்க வேண்டியது. செய்யல.”

எல்லாரும் மைதானத்துக்குப் போனார்கள். முதலில் மாப்பிள்ளை. ஒரு காலை உள்ளே விட்டார், முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. மறு காலை விட இடமில்லை. பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அவர் தவித்தபோது ஏட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இடது பக்க இருக்கையோ கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. அதில் உட்கார வைத்தபோது அவருக்குக் கால் நீட்ட இடம் கச்சிதமாக இருந்தது.

அடுத்து மாஸ்டரின் மனைவி வலது பக்கம் ஏறினார். அவர் பாதம் நேராக மிதியில் போய் உட்கார்ந்தது.

“சரி, ஓட்டிக் காட்டுங்க. தனியா” என்றார் இன்ஸ்பெக்டர்.

மாப்பிள்ளை இறங்கிக்கொண்டார். எஞ்சின் கிளம்பியது. ஒரு உதறு உதறி, நின்றுவிட்டது.

மாஸ்டரின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. கத்தப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அப்படியே முகத்தையும் மூடிக்கொண்டார்.

மறுபடி சாவி திரும்பியது. இந்த முறை வண்டி நகர்ந்தது. நெருப்புப் படம் போட்ட கார்களுக்கும் தாழ்த்திய கார்களுக்கும் நடுவிலிருந்த சந்தில், ஒன்றையும் உரசாமல் போனது. வழி காட்டுவதற்காக முன்னால் நடந்த ஏட்டு கடைசி வரை முன்னால்தான் இருந்தார். அவர் நடையை விரைவுபடுத்தக்கூட இல்லை. மைதானத்தின் கோடியில் ஓரம் கட்டி நிறுத்தி, நியூட்ரல் செய்து, கை பிரேக் போட்டு, இறங்கி, பூட்டினார் மாஸ்டரின் மனைவி.

“இது ரேஸா?” என்று இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “பின்னாடி வந்த மூணு பேரையும் பிடிக்க எங்களுக்கே இந்தம்மாதான் உதவி பண்ணியிருக்காங்க போலிருக்கே. இவங்க மட்டும் முன்னாடி ஊர்ந்துட்டு வரலேன்னா அந்தப் பசங்க தடுப்பை இடிச்சுத் தள்ளிட்டுப் போயிருப்பானுங்க.”

கையோடு கொண்டு வந்திருந்த வாக்குமூலத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். பலகை இல்லாமல் பழகியதற்கும் போலீஸைப் பார்த்து ஓடியதற்கும் சேர்த்துத் திட்டிவிட்டு, வண்டியை விடுவிக்கும்படி எழுதச் சொன்னார்.

மாஸ்டர் மருமகனிடம் போனார். “மாப்பிள்ளை, நான்… உங்களை…” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவிதான் மாஸ்டரிடம் வந்து, “வீட்டுக்குப் போலாமா?” என்று கேட்டார்.

மாஸ்டர் முன்கதவில் கை வைத்தார்.

“நீங்க பின்னாடி உக்காருங்க. மாப்பிள்ளை முன்னாடி வரட்டும்.”

மாஸ்டர் கையை எடுத்துவிட்டு, பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அண்ணி மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்றார். “தப்புப் பண்ணிட்டேன் தம்பி. மன்னிச்சுக்குங்க.”

“பரவாயில்லைங்க. நீங்க சொன்னதுல பாதி நிஜம்தானே” என்றார் அவர். நிஜமாகவே அவருக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் அண்ணிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மகள் அப்படி விடவில்லை.

“அவர் பரவாயில்லன்னு சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்” என்றாள். “நீங்க சொன்னதை நம்பி நானும் அவரைக் கேக்கக் கூடாததெல்லாம் கேட்டுட்டேன். அதை நான் பார்த்துக்கறேன். ஆனா நீங்க எங்க வீட்டு முன்னறையில, அத்தனை பேர் முன்னாடி, தெருவுக்கே கேக்கிற மாதிரி சொன்னீங்க. கைகூடத் தட்டினாங்க. இப்ப மட்டும் யாருமில்லாத மைதானத்துல வந்து மெதுவா மன்னிச்சுக்கங்கன்னு சொல்றீங்களே?”

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

“நாளைக்குக் காலைல அதே வகுப்பு இருக்கு” என்று சொல்லிவிட்டு மகள் பின்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறினாள். வண்டி ஒரு முறை உதறி, மெதுவாக வாசலைக் கடந்தது.

மறுநாள் காலை அண்ணி போனார். ரேடியோ வெளியே காரிலேயே இருப்பதாகச் சொல்லிப் பார்த்தான். பிறகு அவனே இறங்கிக் கூட வந்தான். நேற்று இருந்த அதே ஆட்கள் அதே நாற்காலிகளில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் ஜன்னல் ஓரமாக நின்றார். மாப்பிள்ளை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மாஸ்டர் ஒரு மூலையில் மாணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி உள்ளறை வாசலில் நிற்கவில்லை; மகளின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அண்ணி கரும்பலகைக்கு முன்னால் நின்றார். எத்தனையோ வழக்குகளில் எத்தனையோ பேர் முன்னால் பேசியவர்; இப்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

“நேத்து இங்க நின்னு, இவர் ரேஸ் விட்டார்னு சொன்னேன். அது பொய். இவர் எந்தத் தப்பும் செய்யல. சரியாப் பார்க்காம, கேக்க வேண்டியவங்களைக் கேக்காம, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

முன்வரிசையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். சொல்லி முடித்தாயிற்று என்று அண்ணி வாசல் பக்கம் திரும்பினார்.

நேற்று கைதட்டிய அதே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “மேடம், இங்க ஒண்ணும் கேக்கலைங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்றீங்களா?”

ரேடியோ எதையாவது சொல்லி அந்த இடத்தைச் சிரிப்பாக்கிவிட வாயைத் திறந்தான். அண்ணி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

திரும்பி வந்து, பலகைக்கு முன்னால் நின்று, தெருவுக்குக் கேட்கும்படி முதலிலிருந்து சொன்னார்.